ஐந்து நிமிடத்தில் அடங்காத பாட்டு

எங்கள் அப்பாவை எதையும் சுருக்கமாகச் சொல்லவைக்க முடியாது. தொலைபேசியில் யாராவது "சுகமா?" என்று கேட்டால், போன கிழமை பல் பிடுங்கிய கதையிலிருந்து தொடங்குவார். நான் பல்கலைக்கழகம் வரை படித்தவள். அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் அதற்கு முதல் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை; அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அப்பா தொடங்கிய ஒன்றை இடையில் நிறுத்தவைக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நடந்த ஒரு கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு ஊர் மன்னார். அப்பாவுக்குப் புத்தளம் பக்கம். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள். அன்னம்மாள் திருவிழா ஒன்றில் கண்டு, விரும்பிக் கட்டினவர்கள். அப்பாவின் முன்னோர்கள் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்களா, பிறகு வந்தவர்கள் படைக்கென்று கொண்டுவந்தார்களா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. ஊரில் எங்களைக் காப்பிரி என்பார்கள். நாங்களும் எங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். உலகத்தில் வேறிடங்களில் அது ஆட்களைக் கேவலப்படுத்தும் சொல் என்று மொன்றியலுக்கு வந்த பிறகு யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாசற்கதவுக்கு உள்ளே எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, வெளியே இல்லை.

என் தலைமயிர் அப்பாவின் தலைமயிர். அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் எண்ணெய் தடவி, இழுத்து, அதை இரட்டைப் பின்னலாக்கப் பார்ப்பார். பத்து மணி இடைவேளைக்குள் அது மறுபடி தன் வழிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்தால், "பிள்ளைக்கு ஆரின்ரை தலைமயிர்?" என்று கோயில் வாசலில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டவுடன் ஹெயிட்டிப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துக்கொண்டு வந்துதான் நதாலி என் பக்கத்தில் இருந்தாள். அவள் உண்மையான ஹெயிட்டிப் பிள்ளை. நான் அப்படி இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் எழும்பிப் போகவில்லை. அதற்காகவே நான் அவளுக்கு என்னவும் செய்யத் தயாராக இருந்தேன்.

நதாலியின் அம்மாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு மாசி மாதமும் நகரசபை மண்டபத்தை எடுத்து ஒரு கூட்டம் வைப்பார்கள். ஆபிரிக்க வழி வந்தவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் சேரலாம். ஒவ்வொரு குடும்பமும் முன்னோரிடமிருந்து வந்த ஏதாவது ஒன்றை மேடையில் காட்ட வேண்டும்: ஒரு பாட்டு, ஒரு துணி, ஒரு சமையல். கடைசியில் பிள்ளைகளின் ஊர்வலம். மண்டபத்தைச் சுற்றி வந்து மேடையில் ஏற வேண்டும். மேடையில் எதையாவது காட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும்தான் அதில் நடக்கலாம்.

"நீயும் வா," என்றாள் நதாலி. "அம்மா எனக்கு மஞ்சளும் நீலமும் போட்ட தலைத்துணி தைக்கிறா. உனக்கும் ஒன்று தைக்கச் சொல்கிறேன்."

அன்றைக்கு எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நதாலிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கும் மேடையில் நேரம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் போல ஐந்து நிமிடம்.

எங்களிடம் காட்ட இருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் ஆட்கள் கல்யாண வீடுகளில் பாடும் பாட்டு. மஞ்ஞா என்பார்கள். இரண்டு வரி, மிஞ்சினால் நாலு வரி. ஒருவர் பாட மற்றவர் பதில் பாட வேண்டும். போர்த்துக்கேயம் கலந்த ஏதோ பழைய மொழி. பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாது. தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும் கரண்டியும், மரக்கதிரையில் தட்ட இரண்டு தடியும்தான் வாத்தியம். தொடக்கத்தில் இருந்த இடத்தில் இருந்துகொண்டு மெல்ல மெல்லப் பாடுவார்கள். அதே வரி. திரும்பவும் அதே வரி. எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதபடி வேகம் ஏறும். கடைசியில், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். நான் ஒருநாளும் அந்தக் கடைசியைக் கண்டதில்லை. அதற்கு முதலே நித்திரையாகிவிடுவேன், அல்லது அம்மா வந்து, "காணும், கீழ்வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிடப் போறான்," என்று நிறுத்திவிடுவார்.

பதில் பாடத் தெரிந்தவர் மொன்றியல் முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்பாவின் அக்கா, என் மாமி. ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப்பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற வேலை. அவர் பாலம் கடந்து பஸ்ஸும் மெட்ரோவும் எடுத்து எங்கள் வீட்டுக்கு வர, இரண்டு பேரும் குசினியில் வைத்து ஒத்திகை தொடங்கினார்கள். நான் நுண்ணலை அடுப்பின் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் வைத்தேன். அது கூவியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு இன்னமும் முதல் வரியிலேயே ஆறுதலாக நின்றார்.

"அப்பா, நேரம் முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது? நான் இன்னும் துடங்கேல்லையே மகள்."

"ஐந்து நிமிசம்தான் தருவினம்."

"அஞ்சு நிமிசத்திலை தொண்டை கூடச் சூடாகாது."

அம்மா வெங்காயம் வெட்டியபடி சொன்னார்: "அப்ப நடுவிலையிருந்து துடங்குங்கோவன்."

"நடு எங்கையெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் அப்பா. "அது நடந்து நடந்து போய்த்தான் ஓட வேணும். எடுத்த உடனை ஓடேலாது."

இந்த இரண்டு பேரும், அப்பாவும் மாமியும், உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடிப்பவர்கள். தங்கள் தகப்பன் எந்தக் காலை நொண்டினார் என்பதில்கூட இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். "அவியாத சோத்தை வடிக்கேலாது பிள்ளை," என்றார் மாமி, கார்டெரிச் சமையலறையில் நின்று சொல்வது போல. நான் காலை நிலத்தில் உதைத்தேன். அப்பாவுக்கு நேரே போய் நின்று, மணி அடித்தால் நிறுத்த வேண்டும், நான் கையை ஆட்டினால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் என்னை ஊர்வலத்தில் விட மாட்டார்கள் என்று சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்து, "ஓம் மகள், ஓம்," என்றார். அவருடைய "ஓம்" எதற்கெல்லாம் வரும் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தலையிடி கதிரை. எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் இரும்புக் கால்களும் மெத்தையும் உள்ளவை. தட்டினால் சத்தம் வராது. போன ஆடியில், இந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் ஒரே நாளில் வீடு மாறும்போது தெருவோரம் போட்டுவிட்டுப் போன சாமான்களுக்குள்ளிருந்து அப்பா ஒரு மரக்கதிரை எடுத்து வைத்திருந்தார். கூட்டத்தன்று அதைக் காருக்குள் ஏற்றும் படலம் நடந்தது. காரின் பின்பெட்டிக்குள் அடங்கவில்லை. பின்சீட்டில் தலைகீழாக வைத்தார்கள். கதிரைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மடியில் கட்லட் சட்டியோடு அம்மா. இரண்டு கால்களுக்கு நடுவே அம்மாவின் முகம் தெரிந்தது.

"கதிரை இல்லாத மண்டபம் உலகத்திலை இருக்குதே?" என்று அம்மா கேட்டார்.

"அதுகளெல்லாம் பிளாஸ்ரிக்," என்றார் மாமி முன்சீட்டிலிருந்து.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது. மேடையில் ஆளுயர மேளங்கள். சுவரில் தகதகவென்று துணிகள். கொங்கோ, செனகல், ஜமெய்க்கா, மாலி என்று ஒவ்வொருவரும் தங்கள் நாட்டின் பெயரை நெஞ்சில் குத்தியிருந்தார்கள். ஒரு சுவர் முழுவதும் பெரிய வரைபடம். ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் கடலுக்குக் குறுக்கே நூல் நூலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் இலங்கையைத் தேடினேன். வரைபடம் மடகஸ்காரோடு முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் கடந்த கடல் அதில் இல்லவே இல்லை. வாசலில் நின்ற ஒரு பெண் அம்மாவின் சீலையைப் பார்த்துவிட்டு, இந்தியர்களின் நடன வகுப்பு மேல்மாடியில் என்று அன்பாக வழிகாட்டினார். அப்பா அதற்கும் "மெர்சி, மெர்சி," என்று சொல்லி, கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

நதாலி ஓடிவந்து என் தலையில் துணியைக் கட்டிவிட்டாள். என் பின்னல்களை அவிழ்த்து மயிரை மேலே தூக்கிவிட்டுச் சுற்றிக் கட்டியபோது, அது முதல்முறையாக யாரோடும் சண்டை பிடிக்காமல் நின்றது. நான் கழிப்பறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி இதை யாரும் என் தலையிலிருந்து கழற்றிவிடக் கூடாது.

நேரம் பார்க்கும் பொறுப்பு நதாலியின் அம்மாவுடையது. கையில் ஒரு சின்ன மணி. நல்ல பெண்மணி, ஆனால் முதல் குடும்பத்தின் பாட்டன் கவிதையை முடிக்க முதலே மணி அடித்து இறக்கிவிட்டார். இரண்டாவது குடும்பமும் அப்படியே.

எங்கள் முறை வந்தது. அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது என்பதால் நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று நதாலியின் அம்மா கேட்டார். "சிலோன்," என்றார் அப்பா. சபையில் ஒரு சலசலப்பு. அதற்கு முதல் எந்த நாடு என்று மறுபடி கேட்டார். வீட்டிலேயே இதற்கு ஒரு பதில் தயார்செய்து வைத்திருந்தேன். மொசாம்பிக் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கு முந்திக் கப்பல்," என்றார்.

வேறு வழியில்லாமல் அதையே பிரெஞ்சில் சொன்னேன். பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர் நீளமாக "ம்ம்ம்" என்றார். ஒருவர் இரண்டு தரம் கைதட்டினார். எங்களைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

அப்பா கதிரையில் தட்டத் தொடங்கினார். டக். கனநேரம் கழித்து இன்னொரு டக். மாமி சிரட்டைகளைச் சேர்த்தார். அப்பா முதல் வரியைப் பாட, மாமி பதில் பாடினார். பிறகு அதே வரி. பிறகு அதே வரி. ஒரு குழந்தை அழுதது. யாரோ இருமினார்கள். ஒருவர் தன் கைபேசியை வெளியே எடுத்தார். நான் மேடைக்குக் கீழே நின்று கையை ஆட்டினேன். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

மணி அடித்தது.

அப்பா கண்ணைத் திறந்து, நதாலியின் அம்மாவைப் பார்த்து, மணியும் பாட்டில் சேர்ந்துகொண்டதற்கு நன்றி சொல்வது போலத் தலையாட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். இரண்டாம் மணி. மாமி இன்னும் நேராக நிமிர்ந்துகொண்டார். மூன்றாவது மணிக்கு நதாலியின் அம்மா வந்து ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த குழுவின் பெடியன்கள் மேளங்களோடு மேடையில் ஏறி நின்றார்கள். நான் அழும் குரலில் கத்தினேன்: "அப்பா! இறங்குங்கோ!"

இறங்கினார். அவ்வளவுதான் செய்தார். பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே கதிரையை ஒரு கையில் தூக்கினார். மாமி சிரட்டையைத் தட்டிக்கொண்டே பின்னால் போனார். இரண்டு பேரும் ஏதோ பெருநாளில் மாதா சுருவம் ஊர்வலம் போவது போல ஆறுதலாகச் சபைக்கு நடுவே நடந்து, பக்கக் கதவால் வெளியே போனார்கள். அங்கே ஒரு ஒடுங்கின நடை. எல்லோருடைய பனிச்சப்பாத்துகளும் மேலங்கிகளும் இருந்த இடம். சப்பாத்துக் குவியலுக்கு நடுவே அப்பா கதிரையை வைத்துத் திரும்பவும் தட்டுவது, கதவு ஆடி ஆடிச் சாத்தும்போது தெரிந்தது.

நான் நதாலியின் அம்மாவிடம் ஓடினேன். "மடாம், நாங்கள் காட்டினது கணக்கில் வருமா? நான் நடக்கலாமா?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "உன் அப்பா மூன்று குடும்பத்தின் நேரத்தை எடுத்துவிட்டார் செல்லம். நீ தாராளமாக நட."

எனக்கு உயிர் வந்தது. இனி அப்பா வெளியில் எதையும் பாடட்டும். கதவு சாத்தியிருக்கிறது, ஊர்வலத்துக்கு இன்னும் நாலைந்து குடும்பங்கள்தான் இருக்கின்றன.

ஆனால் அந்தக் கதவு சாத்தியபடி இருக்கவில்லை. கழிப்பறைக்கென்று எழும்பிப்போன பின்வரிசைக் கிழவர் திரும்பி வரவில்லை. அவரைத் தேடிப் போன மனைவியும் வரவில்லை. குசினியில் பற்றீஸ் சூடாக்கிக்கொண்டிருந்த பெண்கள், ஏப்ரன் கட்டியபடி வெளியே எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் உள்ளே வந்த சத்தம் முன்னையதைவிடக் கொஞ்சம் விரைவாக இருந்தது. போத்தலில் யாரோ கரண்டியால் தட்டத் தொடங்கியிருந்தார்கள். மேடையில் மேளம் அடித்த பெடியன்கள், முடிந்தவுடன் மேளங்களைப் பெட்டிக்குள் வைக்காமல் தோளில் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் போனார்கள்.

ஊர்வலம் தொடங்கியது. நதாலியின் சித்தப்பா ஒரு பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால் எடுத்துவைக்கும்படி மெல்ல அடித்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் சோடி சோடியாக நாங்கள். நான் நதாலியின் கையைப் பிடித்து, நாடியை உயர்த்தி நடந்தேன். மண்டபத்தில் கதிரைகள் இருந்தன, கதிரைகளில் கைப்பைகள் இருந்தன, ஆட்கள் இல்லை.

பக்கக் கதவுக்கு முன்னால் வந்தபோது எங்களுக்கு முன்னால் போன சோடி வரிசையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு மறைந்தது. முன்னும் பின்னும் இருந்த மற்றச் சோடிகளும் அப்படியே. நதாலி என் கையை இழுத்தாள்.

"வா, உன் அப்பாதானே!"

"ஊர்வலம் முடியவில்லை," என்றேன் நான்.

"நீ வராவிட்டால் போ," என்று கையை விட்டுவிட்டு அவளும் போனாள். கதவு திறந்த அந்தக் கணத்தில் நான் பார்த்தேன்: நடை முழுக்க ஆட்கள், ஒரு கால் சப்பாத்தோடும் மறுகால் காலுறையோடும், குதித்துக்கொண்டிருந்தார்கள். நதாலியின் அம்மா மணியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் என் அப்பா, வியர்த்து ஒழுக, கண்ணை மூடியபடி.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எனக்குக் கிடைத்ததை நான் விடப்போவதில்லை. மேளக்காரருக்குப் பின்னால் ஒற்றை ஆளாக மண்டபத்தைச் சுற்றி வந்து, மேடையில் ஏறி, வெறும் கதிரைகளைப் பார்த்துச் சொல்லித்தந்தபடி தலை குனிந்து வணங்கினேன். ஐந்தாம் வரிசையில் ஒரே ஒருவர் இருந்தார். அம்மா. மடியில் கட்லட் சட்டி, இரண்டு பக்கமும் யார் யாருடையவோ மேலங்கிகள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கைதட்டினார். மேளக்காரர் ஒரு அடி அடிக்க, கதவுக்கு வெளியே கதிரை சடசடக்க, அம்மா சடசடவென்று நாலு தரம் தட்டினார். நான் நடந்த நேரம் முழுக்க அப்படித்தான் தட்டியிருந்தார். என் காலடியே அதனால் இரண்டு தரம் தடுமாறியது.

திரும்பி வரும்போது காருக்குள் அப்பாவும் மாமியும் பழையபடி சண்டை. வேகத்தை ஏற்றியது யார், அவசரப்பட்டது யார் என்று. அப்பாவின் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. அடுத்த வருடமும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். நான் தலைத்துணியைக் கழற்றவில்லை, யாரோடும் கதைக்கவுமில்லை. ஆனால் யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. அப்பாவைத் திட்டிப் பயனில்லை. கதிரைக் கால்களுக்கு ஊடாக அம்மாவைப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஒழுங்காக் கைதட்டக்கூடத் தெரியாது," என்றேன். "மேளம் ஒண்டு, நீங்கள் ஒண்டு. ஆக நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள், அதுவும் பிழையாத் தட்டினீங்கள்."

அம்மா கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தார். அவருடைய விரல்கள் வெறும் சட்டியின் மூடியில் இன்னமும் அதே நாலு தட்டாக அசைந்துகொண்டிருந்தன.

மாமி முன்சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி, முதலில் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "கொம்மா சரியாத்தான் தட்டினவ."

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா வெட்கப்பட்டு, சட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் இருந்த எரிச்சலில், மூன்று பேரும் சேர்ந்து என்னைத்தான் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து, வீடு வந்து சேரும் வரை முகத்தை மறுபக்கம் திருப்பிவைத்திருந்தேன்.